அவருக்கு மிஞ்சின ஓம்

அண்டைக்கு நான் மீன் வாங்கிக்கொண்டு வரேக்க, இவர் விறாந்தைக் கதிரையில இருந்து போன் கதைச்சுக்கொண்டிருந்தார். கதைச்சுக்கொண்டிருந்தார் எண்டு நான் சொல்றதும் பிழைதான். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க வழங்காமல் போன பிறகு, என்ர மனுசன்ர வாயில ஒரேயொரு சொல்தான் மிஞ்சிக் கிடந்தது. ஓம். வேற ஒண்டும் வராது. தண்ணி எண்டு வராது, அம்மா எண்டு வராது, முப்பது வருசத்துக்கு மேல கூப்பிட்ட என்ர பேரும் வராது.

போனை இடக்கையால காதில அழுத்திப் பிடிச்சுக்கொண்டு, அங்கால ஆரோ கேக்கக் கேக்க, "ஓம்... ஓம்..." எண்டுகொண்டிருந்தார். கண்ணால தண்ணி வடிஞ்சு கன்னமெல்லாம் நனைஞ்சிருந்தது. வருத்தம் வந்த பக்கத்துக் கண் எப்பவும் வடியிறதுதான், நான் அதைக் கணக்கெடுக்கேல்ல.

"ஆரப்பா அது?" எண்டு கேட்டன்.

"ஓம்" எண்டார்.

மீன் பையைக் கீழ வைச்சிட்டுப் போனை வாங்கிப் பாத்தால், கொழும்பு நம்பர் ஒண்டு. அதுக்குள்ள அவங்கள் வைச்சிட்டாங்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"கண்டறியாத போன் உங்களுக்கு! ஆர் என்ன கேட்டாலும் ஓம் போடுங்கோ. ஒரு நாளைக்கு வீட்டைத் தாங்கோ எண்டு கேப்பாங்கள், அதுக்கும் ஓம் எண்டுவியள்."

நான் இப்பிடி நக்கலடிச்சா இவர் கோணின வாயால சிரிக்கிறவர். அண்டைக்குச் சிரிக்கேல்ல. நான் மீனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ள போயிட்டன்.

இவற்ற ஓமெல்லாம் ஒரே ஓம் இல்லை. இது மற்ற ஆக்களுக்கு விளங்காது. காலமை "தேத்தண்ணி வேணுமோ" எண்டு கேட்டா நீட்டி ஒரு ஓம் வரும், அது மெய்யான ஓம். மூக்கால வாற கட்டை ஓம் வேண்டாம் எண்டதுக்கு. பொறுமையில்லாமல் ரெண்டு தரம் சொன்னா கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போ எண்டு அர்த்தம். துறைமுகத்துக்குள்ள கப்பல் வந்து ஊதினா அதுக்கும் பெரிசா ஒரு ஓம் சொல்லுவார், கப்டன் இவரைத்தான் கூப்பிட்ட மாதிரி. நான் குசினிக்குள்ள நிண்டே எந்த ஓம் எதுக்கு எண்டு சொல்லுவன். போனில சொன்ன ஓம் மட்டும் எனக்குப் புதுசாக் கிடந்தது. அடித்தொண்டையால வந்தது. இருந்தும் நான் நிண்டு யோசிக்கேல்ல.

நல்லா இருந்த காலத்திலயும் இவர் ஓம் போடுற ஆள்தான். கோதுமை ஏத்திக்கொண்டு வாற கப்பல்களுக்கு மரக்கறி, இறைச்சி, குடிதண்ணி எண்டு சாமான் குடுக்கிறது இவற்ற தொழில். கப்பல்காரன் விடியக் கேட்ட சாமானைப் பின்னேரம் மாத்திக் கேப்பான், இவர் ஓம் எண்டுவார். கோயில்காரர் திருவிழாவுக்குக் கேட்டா ஓம். சொந்தக்காரன் மோட்டார் சைக்கிளைக் கேட்டா ஓம், அது திரும்பி வராது. "இந்த ஓமாலதான் நாங்கள் அழியப்போறம்" எண்டு நான் சண்டை பிடிக்காத நாளில்லை.

ஒருக்கா மச்சான் ஒருத்தற்ற கடைக் கடனுக்குப் பிணை நிண்டு, மச்சான் கட்டாமல் விட, என்ர தாலிக்கொடி அடகுக்குப் போனது. அதை மீட்டுக் கழுத்தில போட்ட அண்டைக்கு, இவரைச் சாமியறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய், விளக்கில கை வைச்சுச் சத்தியம் வாங்கினனான். இனி ஒருத்தருக்கும் பிணை நிக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ எண்டன். சொன்னார். அப்ப இவருக்கு எல்லாச் சொல்லும் வரும்.

எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. இருக்கிறது இந்த வீடு மட்டும்தான். திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள்ள, மாடியில்லாத வீடு. திரியாய் ஊரில எனக்குச் சீதனமா வந்த வயலை வித்து வாங்கினது. இவற்ற தொழிலுக்கு விலாசம் வேணும் எண்டு வீட்டு உறுதிப் பத்திரத்தை இவற்ற பேரில எழுதினம். என்ர காசு, இவற்ற பேர். அப்ப எனக்கு அதில ஒரு வித்தியாசமும் தெரியேல்ல.

போன் வந்து கொஞ்சக் காலத்தால பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் கையெழுத்துக் கேக்க, நான் ஈரக்கையைச் சீலையில துடைச்சுப்போட்டு வைச்சுக் குடுத்தன். தடிச்ச கவர். கொழும்பில ஒரு சட்டத்தரணி, ஒரு லீசிங் கொம்பனிக்காக அனுப்பினது. இங்கிலீசில ஒண்டு, தமிழில ஒண்டு. தமிழை எடுத்து ரெண்டு தரம் படிச்சன்.

சாம்பல்தீவில இவருக்கு ஒரு பங்காளி இருந்தவர். கப்பல்களுக்கு மீன் எடுத்துக் குடுக்கிறது அவர்தான். எங்கட வீட்டில வந்து என்ர கையால சாப்பிட்டுப்போட்டு "அக்கா, உங்கட கணவாய்க் கறிக்குக் கோயிலே கட்டலாம்" எண்டு சொல்ற மனுசன். தாலிக்கொடி மீட்ட பிறகுதான் அவர் லீசிங்கில ஒரு பெரிய படகு எடுத்தவர், கடலில கிழமைக்கணக்கா நிண்டு மீன் பிடிக்கிற படகு. பேந்து டீசல் இல்லாத காலம் வந்து, படகு துறையிலயே கிடந்து இத்துப்போனது. ஆள் குடும்பத்தோட வெளிநாடு போய்ச் சேர்ந்திட்டார். எங்களுக்கு ஒரு சொல் சொல்லேல்ல. அந்தக் கடனுக்கு இவர் பிணை நிண்டவராம். வட்டியும் குட்டியுமாச் சேத்து ஒரு தொகை போட்டிருந்தது, அதை வாசிக்க எனக்கு மூச்சு எடுக்க வேண்டி வந்தது. குடுத்த தவணைக்குள்ள கட்ட வேணும், இல்லாட்டி இவரைக் கடன் கட்ட வழியில்லாத வங்குரோத்தானவர் எண்டு பிரகடனப்படுத்தச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போவினமாம், சொத்தை விப்பினமாம்.

கீழ இன்னொரு பந்தி. "மேற்படி பொறுப்பைத் தாங்கள் தொலைபேசியில் பல தடவைகள் 'ஓம்' எனக் கூறி ஏற்றுக்கொண்டுள்ளீர்கள்."

நான் பலமாச் சிரிச்சன். சிரிப்பு எங்கயிருந்து வந்ததோ தெரியாது. விறாந்தையில இருந்தவரை எட்டிப் பாத்தன். இவர் என்ர கையில கிடந்த கடுதாசியைப் பாத்துக்கொண்டிருந்தார்.

வங்குரோத்து எண்ட சொல் எனக்குச் சின்ன வயசிலயே தெரியும். நான் பிறந்த வீட்டு ஒழுங்கைத் தொங்கலில கடைசியா ஒரு வீடு இருந்தது, வங்குரோத்துக்காரன் வீடு எண்டு சொல்லுறது. அந்த மனுசன் என்ன யாவாரம் செய்தவர், ஆரிட்டக் கடன்பட்டவர், ஒண்டும் தெரியாது. அவர் போய், பிள்ளையளும் போய், வீடு கைமாறிக் கைமாறி ஒரு ரீச்சர் வாங்கி வடிவாப் பெயின்ற் அடிச்சு இருந்தவ. அப்பவும் சனம் "வங்குரோத்துக்காரன் வீட்டு ரீச்சர்" எண்டுதான் சொன்னது.

அடுத்த நாளே கோட்டுக்கு முன்னால இருக்கிற ஒரு லோயரிட்டப் போனன். இளம் பொம்பிளை, கண்ணாடி போட்ட பிள்ளை. தன்ர தாயோட கதைக்கிற மாதிரித்தான் கதைச்சா.

"அன்ரி, இதுக்குப் பதில் குடுக்காமல் மட்டும் விடக்கூடாது. யாவார விசயத்தில இப்பிடிக் கடிதம் வந்து, நாங்கள் வாயே திறக்காமல் இருந்தா, ஒத்துக்கொண்டிட்டம் எண்டுதான் கோட் எடுக்கும். பேசாமல் இருக்கிறதும் ஒரு ஓம்தான்."

"பிள்ளை, இவர் பிணை நிக்கேல்ல. எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"எப்பிடித் தெரியும் அன்ரி?"

"விளக்கில கை வைச்சுச் சத்தியம் பண்ணினவர்."

அவ பேனையை எடுக்கேல்ல. என்னையே பாத்துக்கொண்டிருந்தா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ன பிள்ளை பாக்கிறீர்? இதை எழுத ஏலாதோ?"

"எழுதுவம் அன்ரி, எழுதுவம். முதல் அந்த போன் கதையைப் பாப்பம்" எண்டு ஆறுதலாச் சொன்னா.

கொம்பனிக்காரர் அந்தக் கதையைப் பதிஞ்சு வைச்சிருந்தவை. லோயர்ப்பிள்ளை அதைக் கேட்டு வாங்கித் தானும் கேட்டு, எனக்கும் போட்டுக் காட்டினா. போன் எடுத்த பெடியன் தங்கமான பெடியன், வலு மரியாதை. "ஐயா, அந்தப் படகுக் கடனுக்கு நீங்கள்தானே பிணை?" ஓம். "கட்ட வேண்டியது உங்கட பொறுப்பெண்டு தெரியும்தானே ஐயா?" ஓம். "வீட்டில சொல்லிட்டீங்களோ ஐயா?" அதுக்கு மட்டும் கொஞ்சம் சுணங்கி ஒரு ஓம்.

"எங்கட ஆக்கள் போனில ஆர் கதைச்சாலும் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறதுதானே" எண்டு நான் சத்தம் போட்டன். "கேக்குது எண்டதுக்கும் ஓம், சரி சொல்லு எண்டதுக்கும் ஓம், போனை வையடா எண்டதுக்கும் ஓம். அதுக்குள்ள இவர் வருத்தக்காரன். வேற சொல்லே இல்லாத மனுசனிட்ட ஓம் வாங்கிப்போட்டு வீட்டைக் கேக்கிறாங்கள், நாசமாப் போவாங்கள்!"

லோயர்ப்பிள்ளைக்கு முகம் மாறினது. "அன்ரி, இதுதான் எங்கட பிடி. ஆஸ்பத்திரிக் கடிதத்தோட, அவர் எதுக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார் எண்டதை வீடியோவா எடுத்து வைப்பம். அந்த ஓமுக்குப் பெறுமதியே இல்லை எண்டு காட்டினா, அவையள் வேற ஆதாரம் கொண்டு வரவேணும்."

வீட்டுக்கு வரேக்க எனக்குக் கால் தரையில நிக்கேல்ல. வீடு தப்பிச்சிட்டுது எண்டே நினைச்சிட்டன். ஒழுங்கை முடக்குக்கு வந்தா, எங்கட கேற்றுக்கு முன்னால மோட்டார் சைக்கிளில ஒருத்தன். ஹெல்மெட்டைக் கழட்டாமலே மதிலையும் கூரையையும் மாமரத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஆர் தம்பி நீர்? என்ன எடுக்கிறீர்?"

"சும்மா அம்மா. வீடு வடிவா இருக்கு" எண்டிட்டு ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போயிட்டான்.

பிறகு வேற ஒரு நாள் வெள்ளைக் கார் ஒண்டு வந்து, ஆரும் இறங்காமல் நிண்டுபோட்டுப் போனது. பக்கத்து வீட்டு மனுசி மதிலால எட்டி, "என்ன, வீட்டை விக்கப்போறியளோ?" எண்டு கேட்டா. "உங்கட வீட்டை விக்கிறதெண்டாச் சொல்லுங்கோ, நானே வாங்கிறன்" எண்டு குடுத்தன். உள்ளுக்க போய்க் குளறி அழுதன். வாசலில ஒரு மான் நிண்டு ஆரோ எறிஞ்ச பேப்பரைச் சப்பிக்கொண்டிருந்தது. இந்த ஊரில மான் மாடு மாதிரி ஒழுங்கையெல்லாம் திரியும், அதுக்குப் புல்லும் பேப்பரும் ஒண்டுதான். அந்தக் கடிதத்தையும் தூக்கிக் குடுப்பமோ எண்டு மெய்யாவே யோசிச்சன்.

இவர் அந்த நாளையில வடிவாச் சாப்பிடுறேல்ல. கேற் சத்தம் கேட்டா இடக்கையால கதிரையை இறுக்கிப் பிடிப்பார். "பயப்பிடாதேங்கோ, உங்கட ஓமை வைச்சே அவங்களை மடக்கிறன் பாருங்கோ" எண்டு சொல்லுவன். மூக்கால ஒரு கட்டை ஓம் வரும். அது வேண்டாம் எண்ட ஓம். சோறு வேண்டாம் எண்டுறார் எண்டு நினைச்சு நான் சோத்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போவன்.

சனிக்கிழமை பின்னேரம் லோயர்ப்பிள்ளை வீட்டுக்கு வந்தா. இவருக்கு வெள்ளைச் சேட் போட்டு, தலை வாரி இழுத்து, திருநீறு பூசி விறாந்தையில இருத்தினன். அவ போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்க, நான் பக்கத்தில இருந்து கேள்வி கேட்டன்.

"நீங்கள் கப்பல் கப்டனோ?"

"ஓம்."

"திருகோணமலைத் துறைமுகம் முழுக்க உங்கடதோ?"

"ஓம்."

"கோட்டைக்குள்ள நிக்கிற மானெல்லாம் நீங்கள் வளத்ததோ?"

"ஓம்."

"உங்களுக்கு என்னை விட இன்னொரு பெஞ்சாதி இருக்கோ?"

"ஓம்" எண்டு நீட்டினார். லோயர்ப்பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போன் ஆடினது. எனக்கும் சிரிப்பு. "கொஞ்சம் பொறுங்கோ, அவ இருக்கட்டும், பிறகு உங்களுக்கு நடக்கும்" எண்டன். இவரும் சிரிச்சார். எத்தினையோ நாளைக்குப் பிறகு அந்தக் கோணல் சிரிப்பைப் பாத்தன். எனக்கு வாய் நிக்கேல்ல.

"நீங்கள் உயிரோட இருக்கிறியளோ?"

"ஓம்."

"செத்துப்போனியளோ?"

"ஓம்."

அதோட சிரிப்பு நிண்டுபோச்சு. ஏன் அப்பிடிக் கேட்டன் எண்டு எனக்கே விளங்கேல்ல. லோயர்ப்பிள்ளை மெல்லமா, "காணும் அன்ரி, இனிக் கடைசிக் கேள்வி" எண்டா. அதை நாங்கள் முன்னமே கதைச்சு வைச்சிருந்தம். மற்ற எல்லாத்துக்கும் சொன்ன மாதிரி இதுக்கும் ஓம் எண்டுவார், அதோட அந்த ஓம் சல்லிக்கும் பெறுமதியில்லை எண்டு ஆருக்கும் விளங்கும்.

நான் இவற்ற முகத்தைப் பாத்துக் கேட்டன். "சாம்பல்தீவாரின்ர படகுக் கடனுக்கு நீங்கள் பிணைக் கையெழுத்து வைச்சனீங்களோ?"

இவர் ஒண்டும் சொல்லேல்ல.

கேக்கேல்லையாக்கும் எண்டு திருப்பிக் கேட்டன். சத்தமாக் கேட்டன். இவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். கோணின வாய் மூட மாட்டுதெண்டு நான் எந்த நாளும் துடைச்சு விடுற வாய். அதை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார். கண்ணால வடிஞ்சது. வருத்தம் வந்த கண் மட்டுமில்லை, ரெண்டு கண்ணாலயும். போன் வந்த அண்டைக்கும் ரெண்டு கன்னமும்தான் நனைஞ்சு கிடந்தது. நான் கண்ணாலதான் பாத்தனான், பாத்துப்போட்டுத்தான் மீன் வெட்டப் போனனான்.

எனக்கு விளங்கியிட்டுது. விளங்கியும் நான் விடேல்ல, அதுதான் என்ர குணம். இவற்ற தோளைப் பிடிச்சு உலுப்பினன்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ! துறைமுகம் என்ர எண்டியள், மான் என்ர எண்டியள், செத்துப்போனன் எண்டும் சொன்னனீங்கள். இதுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ அப்பா! சொன்னீங்களெண்டா வீடு எங்களுக்கு. ஒரு ஓம், ஒரேயொரு ஓம் சொல்லுங்கோ!"

துறைமுகத்தில ஒரு கப்பல் ஊதினது. அதுக்கும் இவர் வாய் திறக்கேல்ல.

"விடுங்கோ அன்ரி" எண்டு லோயர்ப்பிள்ளை வந்து என்ர கையைப் பிடிச்சா. போனை எப்பவோ நிப்பாட்டியிருந்தா. நான் இவருக்கு ஏசின ஏச்சை இஞ்ச எழுத ஏலாது. வயலைச் சொன்னன், தாலிக்கொடியைச் சொன்னன், விளக்கைச் சொன்னன். இவர் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவையும் மனசுக்குள்ள வைச்சுக்கொண்டு, வாயில ஒரு சொல்லோட இந்த மனுசன் எத்தினை நாள் என்னைப் பாத்துக்கொண்டிருந்திருப்பார் எண்டு நினைச்சன், அதுக்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவ போகேக்க கேற்றடியில நிண்டு சொன்னா. "அன்ரி, பதில் குடுத்துத்தான் ஆகவேணும். ஆனா அவர் பிணை நிக்கேல்ல எண்டு என்ர கையால எழுத ஏலாது. வருத்தத்தை எழுதுவம். பிணைப் பத்திரத்தைக் காட்டுங்கோ எண்டு கேப்பம். இந்த வீடியோவை நான் அழிச்சுப்போடுறன்." நான் தலையாட்டினன்.

பதில் தவணைக்குள்ள போனது. அவங்களும் சுணங்கேல்ல, பத்திரத்தின்ர பிரதியைப் பதிவுத் தபாலில அனுப்பினாங்கள். கடைசிப் பக்கத்தில இவற்ற கையெழுத்து, வாலை நீட்டி இழுத்து, வலக்கை வழங்கின காலத்துக் கையெழுத்து. எங்கட கலியாணப் பதிவிலயும் இதே வால்தான். அதை இவருக்கு நான் காட்டேல்ல.

வழக்கு இப்ப நடக்குது. லோயர்ப்பிள்ளை அந்தக் கொம்பனிக்காரரோட கதைச்சுக்கொண்டிருக்கிறா, ஒவ்வொரு கோட்டுத் தவணைக்கும் நான் போய் நிண்டுபோட்டு வாறன். வீடு நிக்குமோ, இல்லாட்டி இந்த ஒழுங்கையிலயும் ஒரு வங்குரோத்துக்காரன் வீடு வருமோ, அவவுக்கும் தெரியேல்ல. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா நான் கையில இருக்கிறதை வைச்சிட்டு எட்டிப் பாக்கிறன்.

அந்தச் சனிக்கிழமையில இருந்து இவர் ஓம் சொல்றேல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினன். புதுசா ஒரு வருத்தமும் இல்லை, வாய் வழங்கும், ஏன் கதைக்கேல்ல எண்டு தெரியாது எண்டு டொக்டர் சொன்னார். எனக்குத் தெரியும், நான் சொல்லேல்ல. காலமை கேத்திலை இறக்கிப்போட்டு, "தேத்தண்ணி வேணுமோ?" எண்டு கேக்கிறன். இவர் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் பாத்திட்டு, ஓம் எண்டு நானே சொல்லிப்போட்டு ஊத்திக் குடுக்கிறன்.